கடல் கடக்கும் பழைய லாண்ட் ரோவர்

என்னோடு எம்.எஸ்ஸி. பயின்ற நண்பர் ஒருவர் இப்போது அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கிறார். சில மாதங்களுக்கு முன் அவர் எனக்குச் சில படங்களை அனுப்பியிருந்தார். இங்கிலாந்தில் விற்பனைக்கு நிற்கும் லாண்ட் ரோவர் டிபெண்டர் 110 ஒன்று, 1996-இல் செய்யப்பட்டது. வாங்குவோரின் விருப்பப்படி மாற்றியமைக்கப்பட்டது. 35 அங்குல டயர்கள், இரண்டு அங்குலம் உயர்த்தப்பட்ட சுருள்வில்கள், கூரைமேல் இரும்புச் சட்டம், அதன்மேல் மடக்குக் கூடாரம். விலையைக் கேட்டபோது நம் ஊரில் ஒரு நல்ல வீடு கட்டலாம் போலிருந்தது. 'உடல் முழுவதும் அலுமினியம், துருவே பிடிக்காது என்கிறார் விற்பவர். பின்னால் பக்கவாட்டு இருக்கைகளில் பிள்ளைகள் இருவரும் உட்காருவார்கள். இயற்பியல் படித்தவனாயிற்றே, வாங்கலாமா சொல்' என்று எழுதியிருந்தார்.

ஒரே வரியில் விடை சொல்ல முடியாத கேள்வி இது. முதலில் அலுமினியம் எப்படி வந்தது என்று பார்ப்போம். இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம், ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ் வேல்சிலுள்ள ஆங்கிள்சி தீவில் தம் பண்ணையில் போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப்போல் ஒன்றை நாமே செய்தால் என்ன என்ற எண்ணமே லாண்ட் ரோவர் ஆயிற்று. 1948 ஏப்ரல் 30-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது மக்கள் பார்வைக்கு வந்தது. அக்காலத்தில் பிரிட்டனில் எஃகுக்குப் பங்கீடு இருந்தது. ஆகவே உடல் தகடுகளுக்கு அலுமினியமும் மக்னீசியமும் கலந்த பர்மாபிரைட் என்னும் உலோகக் கலவையைப் பயன்படுத்தினார்கள். தட்டுப்பாட்டின் விளைவாக வந்த பழக்கம் 2016 ஜனவரி 29-இல் கடைசி வண்டி சோலிஹல் தொழிற்சாலையை விட்டு வெளிவரும் வரை நிலைத்துவிட்டது.

விற்பவர் சொன்னதில் பாதி உண்மை. தகடுகள் அலுமினியந்தான். ஆனால் அவற்றைத் தாங்கும் அடிச்சட்டம் எஃகு. ஓட்டுநர் முன்னுள்ள தடுப்புச் சுவரும் எஃகு. பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையிலுள்ள பனிக்கட்டி உருகுவதற்காக உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்புநீர் அடிச்சட்டத்தின் பெட்டி வடிவக் குழாய்க்குள் புகுந்து தங்கிவிடுகிறது. துரு உள்ளிருந்து வெளியே வருவதால் வெளிப்பூச்சு பளபளவென்றிருக்கும்போதே உள்ளே உலோகம் காகிதமாக மெலிந்திருக்கும்.

இரண்டு உலோகங்களும் தொட்டுக்கொள்ளும் இடங்களில் நடப்பது இன்னும் சுவையானது. கல்லூரியில் மின்கலம் செய்து பார்த்த மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரும்பின் நியம மின்முனை அழுத்தம் –0.44 வோல்ட், அலுமினியத்தினுடையது –1.66 வோல்ட். இடையே உப்புநீர் என்னும் மின்பகுளி வந்துவிட்டால் வண்டியின் ஒவ்வொரு போல்ட்டும் ஒரு சிறு மின்கலம். அதில் கரைவது அலுமினியம். அதன்மீது இயற்கையாகவே ஓர் ஆக்சைடு படலம் காவலாக உண்டு. ஆனால் உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் அதைத் துளைத்துவிடும். ஆகவே கதவின் விளிம்புகளிலும் போல்ட்டுகளைச் சுற்றியும் வெண்பொடி பூத்து வண்ணப்பூச்சு கொப்பளித்திருக்கும். 'துருப் பிடிக்காது' என்பது சொல்லளவில் சரி, ஏனெனில் துரு என்பது இரும்புக்கு மட்டும் உரிய பெயர்! இவ்வண்டிக்கு நல்ல மருந்து, துத்தநாகம் பூசிய புதிய அடிச்சட்டம். துத்தநாகம் –0.76 வோல்ட் ஆதலால் அது தான் கரைந்து இரும்பைக் காக்கும். பூசாத பழைய சட்டமாயின் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல எஃகு மணிபோல் ஒலிக்கும். அரித்தது மட்டையைத் தட்டினாற்போல் மந்தமாக ஒலிக்கும். பசை பூசி ஓட்டையை அடைத்திருந்தால் காந்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் சட்டத்தை மாற்றினால் வேறொரு சிக்கல் எழுகிறது. தாத்தாவின் அரிவாளுக்குக் கைப்பிடியும் மாற்றி அலகும் மாற்றிய பின் அது தாத்தாவின் அரிவாள்தானா? பிரிட்டிஷ் உரிமத் துறை 2025 வரை இதற்கு மதிப்பெண் போட்டுவந்தது. அடிச்சட்டத்துக்கு 5, தொங்கமைப்பு, அச்சுகள், கியர் அமைப்பு, திருப்பும் அமைப்பு ஆகியவற்றுக்குத் தலா 2, எஞ்சினுக்கு 1. எட்டு மதிப்பெண் பெற்றால்தான் பழைய பதிவெண் தங்கியது. அவற்றுள் அடிச்சட்டத்தின் ஐந்தும் இருந்தாக வேண்டியிருந்தது. சட்டம் பழையதாகவோ, அதே அமைப்பில் புதிதாகச் செய்ததாகவோ இருக்கலாம் என்பது அன்றைய விதி.

வண்டியின் வயதில் இவ்வளவு அக்கறை ஏன்? அமெரிக்காவில் 1988-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு ஒத்துவராத வெளிநாட்டு ஊர்தியைச் சாதாரணமாக இறக்குமதி செய்ய முடியாது. 25 ஆண்டுகள் நிறைந்த வண்டிக்கு மட்டும் விலக்கு உண்டு. கணக்கு, செய்யப்பட்ட நாளிலிருந்து. புகை விதிகளுக்குத் தனி விலக்கு இருக்கிறது. அது 21 ஆண்டு கடந்த, மூல அமைப்பு மாறாத வண்டிகளுக்கு. ஆகவே பழைய வண்டியில் புதிய வகைப் பெரிய எஞ்சினைப் பொருத்தி 'அழகுபடுத்தி'யிருந்தால் அந்த விலக்கே கைநழுவிப் போகக்கூடும். எண்ணை மாற்றியடித்து வயதைக் கூட்டிக் காட்டியவர்களும் உண்டு. 2014 ஜூலையில் அமெரிக்க அதிகாரிகள் நாற்பது டிபெண்டர் வண்டிகளை ஒரே வீச்சில் கைப்பற்றினார்கள். வழக்காடிய உரிமையாளர் பலருக்கு வண்டி பின்னர் திரும்பக் கிடைத்ததென்றாலும் இடைப்பட்ட மன உளைச்சலை யாரும் திருப்பித்தர முடியாதல்லவா? அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணும் தாளிலுள்ள எண்ணும் ஒன்றாயிருக்கிறதா என்பதைப் பணம் கொடுக்குமுன் பார்த்துவிட வேண்டும்.

இனி என் நண்பர் கேளாத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய விஷயத்துக்கு வருவோம். 1996-இன் வண்டி இன்று விலக்குப் பெற்றுவிட்டது. அதாவது காற்றுப்பை முதலிய இன்றைய பாதுகாப்புகள் எதுவும் அதில் இருக்க வேண்டியதில்லை. இந்நிலையில் அதன்மேல் செய்த மாற்றங்களின் விளைவு என்ன?

டயரை எடுத்துக்கொள்வோம். இவ்வண்டிக்குரிய பழைய டயரின் விட்டம் ஏறத்தாழ 80 செ.மீ.; 35 அங்குலம் என்பது 89 செ.மீ. விகிதம் 1.11. வேகமானிக்குச் சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்பது மட்டுமே தெரியும். அதன் அளவு தெரியாது. முள் 80 கி.மீ. காட்டும்போது வண்டி உண்மையில் 89 கி.மீ. வேகத்தில் போகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால் அது 24 விழுக்காடு கூடிவிட்டது. அத்துடன் முடியவில்லை. பிரேக் சக்கரத்தின் மையத்தருகே பிடிக்கிறது. தரையோ விளிம்பில் இருக்கிறது. ஆரம் கூடினால், அதே அழுத்தத்துக்குத் தரையில் கிடைக்கும் தடுப்பு விசை 1.11 மடங்கு குறைகிறது. ஆக, ஓட்டுநர் முள்ளை நம்பி அதே அழுத்தத்தில் மிதித்தால் வண்டி நிற்கும் தொலைவு விகிதத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும்: ஏறத்தாழ 38 விழுக்காடு! நாற்பது மீட்டரில் நிற்க வேண்டியது ஐம்பத்தைந்தில் நிற்கும். இடைப்பட்ட பதினைந்து மீட்டரில் யார் நிற்கிறார்கள் என்பதே கேள்வி.

அடுத்து உயரம். வளைவில் போகும் வண்டி கவிழும் எல்லையை, சக்கரங்களின் இடைத்தொலைவை ஈர்ப்பு மையத்தின் உயரத்தின் இருமடங்கால் வகுத்துப் பெறலாம். டிபெண்டரின் சக்கர இடைத்தொலைவு 1.486 மீ. ஈர்ப்பு மையம் 0.80 மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். விடை 0.93. அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.93 பங்கு பக்கவாட்டில் தாக்கினால் வண்டி கவிழும். உலர்ந்த சாலையில் டயரின் உராய்வுக் குணகம் சுமார் 0.8 என்று கொண்டால் கவிழுமுன் வண்டி வழுக்கிவிடும். வழுக்குவது நல்லதா என்று கேட்கலாம். கவிழ்வதைவிட நல்லதுதான்.

இப்போது டயரும் வில்லும் சேர்ந்து ஈர்ப்பு மையத்தை 0.88 மீட்டருக்கு உயர்த்துகின்றன. 2,000 கிலோ வண்டியின் கூரையில், 2.2 மீ. உயரத்தில், சட்டமும் கூடாரமுமாக 100 கிலோ ஏறினால் அது 0.94 ஆகிறது. எல்லை 0.79-க்கு இறங்கிவிட்டது. வழுக்குவதும் கவிழ்வதும் ஒரே புள்ளியில் வந்து சந்திக்கின்றன. டயர் நெளிவதையும் உடல் சாய்வதையும் சேர்த்தால் கவிழ்வதே முந்தும். 50 மீ. ஆரமுள்ள வளைவில் இது மணிக்கு 71 கி.மீ. அப்போது வேகமானி காட்டுவது 64! பக்கவாட்டில் அமர்ந்த பிள்ளைகளுக்கு வளைவின் விசை முன்னும் பின்னுமாக வரும். எதிரில் மோதினால் வரும் விசையோ தோள்பட்டைப் பக்கமாகத் தாக்கும். நம் உடல் அந்தத் திசையில் தாங்குவதற்கு அமைந்ததன்று.

பெரிய எஞ்சின் வேண்டுமா என்றும் கேட்டிருந்தார். அந்த வண்டியில் இப்போதுள்ள 2.5 லிட்டர் டீசல் எஞ்சினின் முறுக்கு விசை 265 நியூட்டன்-மீட்டர். முதல் கியர் 3.69, தாழ்நிலைப் பற்சக்கரம் 3.32, அச்சு 3.54, மூன்றையும் பெருக்கினால் 43 மடங்குக்கு மேல். சக்கரத்தின் ஆரம் 0.4 மீ. என்றால் தரையில் கிடைக்கும் விசை 28,000 நியூட்டனுக்கு மேல். வண்டியின் எடையே 19,600 நியூட்டன்தான். ஆகவே மேட்டில் ஏறுவதற்கு எல்லை வகுப்பது டயரின் பிடிப்பே, எஞ்சின் அன்று. மலேசியாவில் கேமரன் மலைத் தோட்டங்களில் முட்டைக்கோசு சுமக்கும் பழைய லாண்ட் ரோவர்களுக்கு யாரும் பந்தய எஞ்சின் பூட்டியதில்லை.

கப்பல் விஷயம் சுருக்கமாக. சாதாரணச் சரக்குப் பெட்டகத்தின் வாயில் ஏறத்தாழ 2.28 மீ. உயரம். மூல வண்டி 2.04 மீ. உயரந்தான், உயர்த்தியபின் கூரைச் சட்டத்தைக் கழற்றினால்தான் நுழையும். அடிப்பாகத்தில் ஒட்டிய மண்ணையும் நீராவியால் கழுவியாக வேண்டும். அயல்நாட்டு மண்ணோடு பூச்சியும் பூஞ்சையும் வருமென்று அமெரிக்க வேளாண் துறை அதை அனுமதிப்பதில்லை.

இந்தக் கணக்குகளையெல்லாம் எழுதி அனுப்பினேன். நண்பர் விற்பவரிடம் மூன்று கேட்டார்: அடிச்சட்ட எண்ணின் படம், பழைய அளவு டயர்கள், பின்னால் முன்னோக்கிய இருக்கைகள். டயருக்கும் இருக்கைக்கும் உடனே சம்மதம் வந்தது. எண்ணின் படத்துக்கு அவர் இன்னும் காத்திருக்கிறார், முன்பணம் அனுப்பவில்லை.