கடலுக்குப் போகும் வழி: ஒஸ்லோவின் கரையோர அபிவிருத்தி பற்றிச் சில குறிப்புகள்

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒஸ்லோவுக்கு வந்துசேர்ந்தவர்களுக்கு ஒரு விடயம் நினைவிருக்கும். மத்திய ரயில் நிலையத்தில் இறங்கினால் கடல் சில நூறு மீற்றர் தூரத்தில்தான் இருந்தது. கடற்பறவைகளின் சத்தம் கேட்கும். ஆனால் கடலைப் போய்த் தொடமுடியாது. பியோர்விக்காவில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றிச் செல்லும் கொங்கிறீற் வீதிகள், ஈ-18 நெடுஞ்சாலை, துறைமுக வேலி, அதற்கப்பால் கொள்கலன்கள். நகரமண்டபத்தின் முன்னாலும் இதே கதிதான். மண்டபத்துக்கும் படகுத்துறைக்கும் நடுவே கார்கள் இடைவிடாது ஓடிக்கொண்டிருந்தன. ஒரு துறைமுக நகரத்தின் மக்கள் தமது கடலைக் கார் யன்னலுக்கூடாகவே பார்த்தார்கள். கார் இல்லாதவர்களுக்கு அதுவும் இல்லை.

இன்று அதே பியோர்விக்காவில் 2008இல் திறக்கப்பட்ட ஒப்பரா மண்டபத்தின் வெள்ளைக் கற்கூரை தண்ணீர்வரை சரிந்து இறங்குகிறது. யாரும் அதில் ஏறி நடக்கலாம். 2020இல் திறந்த பொதுநூலகம் அதற்குப் பக்கத்தில். சோரெங்காவில் 2015 முதல் கடலிலேயே அமைத்த நீச்சல் தடாகம், கட்டணம் கிடையாது. மேற்கே புறொக்னர் குடாவிலிருந்து கிழக்கே கொங்ஸ்ஹாவன் வரை ஏறத்தாழ 9 கிலோமீற்றர் நீளத்துக்குக் கரையோர நடைபாதை. உல்லாசப் பயணிகளுக்கான கையேடுகள் இதனைக் கட்டடக் கலையின் வெற்றியாக எழுதுகின்றன. கட்டடங்கள் அழகானவை என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் கடலைத் திறந்துவிட்டவை கட்டடங்கள் அல்ல. வீதியைப் பற்றியும் டிராம் வண்டியைப் பற்றியும் கட்டணத்தைப் பற்றியும் முன்னரே எடுக்கப்பட்ட சில தீர்மானங்கள்தான் அதைச் செய்தன. அவை எங்கே சரியாக அமைந்தன, எங்கே பாதிவழியில் நின்றன என்பதையே இங்கு விளக்க முயல்கிறேன்.

முதலில் சட்டம். நோர்வேயில் 1957ஆம் ஆண்டுத் திறந்தவெளிச் சட்டம் 'எல்லா மனிதருக்குமான உரிமை' என்று வழக்கில் இருந்துவந்த ஒன்றை எழுத்தில் உறுதிசெய்தது. பயிரிடாத நிலத்தில், அது யாருடையதாக இருந்தாலும், எவரும் நடக்கலாம், இளைப்பாறலாம், கடலில் இறங்கிக் குளிக்கலாம். வீட்டு வளவுக்குள் நுழையும் உரிமை மட்டும் இல்லை. 1965இலிருந்து கரையோரத்தில் 100 மீற்றருக்குள் புதிதாகக் கட்டுவதற்கும் பொதுவான தடை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் உள்ளூராட்சிச் சபைகள் விதிவிலக்குகளை வழங்கிவந்தன. வீட்டு வளவு எங்கே முடிகிறது என்பதை வேலி போட்டவரே தீர்மானித்தார். ஒஸ்லோ குடாவின் உட்பகுதிக் கரைகளில் 'தனியார் நிலம்' என்ற பலகைகளைக் கண்டு திரும்பி வந்தவர்களில் நானும் ஒருவன். அவற்றிற் சில சட்டவிரோதமானவை என்று பின்னரே அறிந்தேன்.

அதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. இச்சட்டம் கரையில் நிற்கும் உரிமையைத் தருகிறது. கரைக்கு வந்துசேரும் வழியைத் தரவில்லை.

இதனை நகரசபை ஒருகாலத்தில் நன்றாகவே விளங்கிவைத்திருந்தது. 1920களில் லிண்டோயா, நாக்ஹொல்மன், பிளைக்கோயா ஆகிய சிறுதீவுகளில் நகரத்துச் சாதாரண குடும்பங்களுக்குக் கோடைகாலக் குடில்கள் அமைக்க இடமளிக்கப்பட்டது. 1934இல் நகர எல்லைக்கு வெளியே இங்கியேர்ஸ்ட்ராண்ட் குளிப்பிடம் திறக்கப்பட்டது. சொந்த வாகனம் பெரும்பாலானோரிடம் இல்லாத காலத்துத் திட்டங்கள் இவை. ஆகவே படகும் பஸ்ஸும் திட்டத்தின் பகுதியாகவே இருந்தன. பின்னர் வந்தது 1960. அந்த ஆண்டுதான் தனியார் கார் வாங்குவதற்கு இருந்த அனுமதிக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதே ஆண்டில் நகரசபை டிராம் சேவையைப் படிப்படியாக மூடுவதெனவும் தீர்மானித்தது. (இத்தீர்மானம் 1977இல் கைவிடப்பட்டது. அதற்குள் பல பாதைகள் போய்விட்டன.) காருக்கு இடம் தேவைப்பட்டது. ஊருக்குள் இடமில்லை, ஆனால் கரையோரம் சமதரையாக இருந்தது. நெடுஞ்சாலை கடற்கரைக்குப் போன காரணம் இவ்வளவுதான். கடல்மேல் யாருக்கும் பகையிருக்கவில்லை.

மாற்றம் 1982இல் ஆக்கர் கப்பல் கட்டும் தளம் மூடப்பட்டதுடன் ஆரம்பித்தது. 1986இல் அங்கே ஆக்கர் பிரிக்கெ என்ற கடைத்தொகுதி எழுந்தது. கடைத்தொகுதி கட்டுவது சுலபமானது. தீர்க்கமான அடி 1990இல் வைக்கப்பட்டது. கோட்டைக்குக் கீழாகச் சுரங்கவீதி திறந்து நகரமண்டபத்தின் முன்னால் ஓடிய போக்குவரத்து நிலத்துக்கடியில் இறக்கப்பட்டது. அதே ஆண்டு நகரைச் சுற்றிச் சுங்க வளையம் வந்தது. உள்ளே வரும் ஒவ்வொரு காரும் பணம் கட்டவேண்டும், அதில் 20 வீதம் பொதுப் போக்குவரத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது. 1994இல் நகரமண்டபச் சதுக்கம் கார்களுக்கு மூடப்பட்டது. 1995இல் ஆக்கர் பிரிக்கெ வழியாக டிராம் ஓடத் தொடங்கியது.

இந்த வரிசையை வாசகர்கள் சற்றுக் கவனிக்கவேண்டும். முதலில் வாகனங்களுக்கு மாற்றுப்பாதை, அதற்குப் பிறகே சதுக்கம் மூடல், அடுத்த ஆண்டே டிராம். மக்களுக்கு எதையும் பறிகொடுத்ததாகத் தோன்றவில்லை. பியோர்விக்காவில் வரிசை இவ்வளவு ஒழுங்காக அமையவில்லை. துறைமுகத்தைக் குடாநகராக மாற்றுவதென நகரசபை 2000ஆம் ஆண்டு முடிவுசெய்தது. கடலடிச் சுரங்கவீதி 2010இல் திறந்தது. டிராம் பாதையோ 2020 இல்தான் வந்தது. பன்னிரண்டு வருடங்களாக ஒப்பரா இருந்தது, வாசலுக்கு டிராம் இல்லை. ரயில் நிலையத்திலிருந்து நடக்கலாம் என்பார்கள். இளைஞர்கள் நடக்கலாம். முழங்கால் தேய்ந்தவர்களும் தள்ளுவண்டியோடு வரும் தாய்மாரும்? பழைய டிராம்கள் பலவற்றுக்குப் படிகள் வேறு. 2022 முதல் ஓடும் புதிய வண்டிகளில் படியின்றி ஏற முடிகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சுரங்கவீதி கார்களைக் குறைக்கவில்லை, மறைத்தது. கடலோரத்தில் இன்று நாம் அனுபவிக்கும் அமைதி பெரும் செலவில் பூமிக்கடியில் புதைக்கப்பட்ட இரைச்சல். ஒஸ்லோவுக்கு அந்தப் பணம் இருந்தது. வேறொரு நகரம் இதை அப்படியே பின்பற்ற நினைத்தால் கடனில் மூழ்கும்.

காரைக் குறைக்கும் முயற்சி 2015இன் பின்னரே தீவிரமடைந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் வென்ற கூட்டணி நகர மையத்தில் ஏறத்தாழ 700 வாகனத் தரிப்பிடங்களை அகற்றி அந்த இடத்தைச் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் வாங்குகளுக்கும் கொடுத்தது. 2019ஆம் ஆண்டு ஒஸ்லோ வீதிகளில் நடந்துசென்ற ஒருவரோ சைக்கிளோட்டிய ஒருவரோ வாகனம் மோதி இறக்கவில்லை. இதற்கு மேல் நான் ஏதும் வாதாடத் தேவையில்லை.

ஆயினும் தரிப்பிடங்களை ஒழிப்பது எல்லா இடத்திலும் முற்போக்கானது என்று எடுத்துக்கொள்வது தவறு. கலிபோர்னியாவின் உதாரணம் பயனுள்ளது. அங்கே 1976ஆம் ஆண்டுக் கரையோரச் சட்டத்தின்கீழ், கடற்கரையருகே புதிதாகக் கட்டுபவர் பொதுமக்கள் கடலுக்கு வருவதைப் பேணவேண்டும். போதிய வாகனத் தரிப்பிடம் தரவேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பொதுப் போக்குவரத்துக்கு வழிசெய்யவேண்டும். ஏன் தரிப்பிடம்? உள்நாட்டு நகர்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும் ஏழைக் குடும்பத்துக்கு அங்கே காரைத் தவிர வேறு வழி அரிது. கரையோரச் செல்வந்தர்கள் தமது தெருவில் வெளியார் வாகனம் நிறுத்தக்கூடாது என்று கேட்கும்போது, அது கடற்கரையைப் பூட்டும் இன்னொரு முறையாகிவிடுகிறது. 'அல்லது' என்ற அந்தச் சிறுசொல்லில்தான் விடயமே அடங்கியிருக்கிறது. ஈடு வந்தபின் எடுக்கலாம். முன்னர் எடுத்தால் வேலிதான்.

இதே கேள்வி இங்கும் எழுந்தது. 2019 ஜூன் மாதம் நகரினுள்ளே புதிய சுங்கப் புள்ளிகள் வந்தபோது எங்கள் தொழிற்சாலை உணவறையில் பெரிய வாக்குவாதம். எமது வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. நகரின் மறுகரையிலிருந்து வரும் ஒருவருக்கு அந்நேரத்துக்குப் பொருந்தும் பஸ் இல்லை, ஆகவே காரில் வருகிறார், ஆகவே கட்டுகிறார். பத்து மணிக்கு அலுவலகம் போகிறவருக்கு வாசலில் டிராம். அவ்வாண்டு சுங்கத்துக்கு எதிரான கட்சியொன்று நகரசபைக்குள் நுழைந்ததற்கு இந்தக் கோபமும் ஒரு காரணம். எம்மவர் பலர் அக்கட்சியை இரகசியமாக மெச்சினார்கள். நான் சுங்கத்தை ஆதரிப்பவன். ஆனால் அந்தக் கோபத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிடுபவர்களோடு என்னால் உடன்பட முடியாது. சுங்கம் சரி, அதிகாலை பஸ்ஸும் அதே நாளில் வந்திருக்கவேண்டும்.

ஒஸ்லோ செய்தவற்றுள் எனக்கு மிகப் பிடித்தது அதிகம் பேசப்படாத ஒன்று: தீவுப் படகுகள். குரூருட் பள்ளத்தாக்கில், எம்மவர் பலர் வாழும் ஸ்தூவ்னர் அல்லது பூருசெட்டில், சுரங்க ரயிலுக்கு வாங்கும் அதே சீட்டோடு நகரமண்டபத் துறையிற் படகேறி ஹூவெடோயாவுக்குப் போகலாம். மேலதிகமாக ஒரு குரோணர் இல்லை. படகை உல்லாசப் பயணமாகக் கருதாமல் இன்னொரு பஸ்ஸாகக் கருதியதன் விளைவு இது. ஒரு கோடைகால ஞாயிறு அங்கே போனால் புல்வெளியில் உருதும் சோமாலியும் தமிழும் கேட்கும். 1147இல் ஆங்கிலத் துறவிகள் கட்டத் தொடங்கிய மடத்தின் இடிபாட்டுச் சுவர்களில் எமது பிள்ளைகள் ஏறி விளையாடும். குளிர்காலத்தில் படகுகள் குறைந்துவிடும் என்பது ஒரு குறை.

வீடமைப்பில்தான் நகரம் தோற்றது. நிலத்தின் பெரும்பகுதி பொது நிறுவனங்களின் கையில் இருந்தபோதும் வீடுகள் சந்தை விலைக்கே விடப்பட்டன. ட்யூவ்ஹொல்மன் என்றால் கள்வர் திட்டு என்று பொருள். முன்னொரு காலத்தில் கள்வர்களுக்குத் தண்டனை நிறைவேற்றிய இடமாம். இப்போது அங்கே ஒரு சிறிய அடுக்குமனை வாங்க என்னைப்போன்ற ஒருவர் இரண்டு ஆயுள் உழைக்கவேண்டும். இதன் விளைவு விலையோடு நிற்பதில்லை. சோரெங்காவில் வீடு வாங்கியவர்கள் தடாகத்துக்கு வரும் இளைஞர்களின் இரவு இரைச்சல் பற்றி முறையிட்டார்கள். அவர்களுக்கும் தூக்கம் தேவைதான். ஆனால் கரையில் ஒரே வர்க்கம் மட்டும் குடியிருந்தால், பொது இடத்தின் ஒழுங்குவிதியை அந்த வர்க்கமே காலப்போக்கில் எழுதும். அத்தோடு தேநீர்க் கடைகளின் கதிரைகள் ஒவ்வொரு கோடையும் சற்று முன்னே நகர்கின்றன. காசு கொடாமல் உட்காரும் வாங்குகள் அதற்கேற்பப் பின்னே போகின்றன.

எமக்கு இதில் என்ன அக்கறை என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். 1990இல் மயிலிட்டியை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் தமது துறைமுகத்தை மீண்டும் மிதிக்க 2017 வரை காத்திருந்தார்கள். அது இராணுவத்தின் வேலி, இது பணத்தின் வேலி. இரண்டையும் ஒன்றென்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் கரைக்குப் போகும் ஒழுங்கை மூடப்பட்டால் என்ன நடக்கும் என்பதை அறிந்தவர்கள், ஒழுங்கை வரையப்படும் நேரத்தில் வாய்மூடி இருப்பது விசித்திரமானது.

பிலிப்ஸ்டாட்டும் கிரென்லிக்காயாவும் இன்னும் கட்டிமுடியாத கரைகள். நோர்வேயின் திட்டமிடற் சட்டப்படி ஒவ்வொரு நிலப்பயன்பாட்டுத் திட்டமும் குறைந்தது ஆறு வாரம் பொதுமக்களின் கருத்துக்காக வைக்கப்படவேண்டும். எவரும் எழுதலாம். அந்நகரில் வசிப்பவராகவோ நிலமுடையவராகவோ இருக்கவேண்டியதில்லை. இலக்கணப் பிழையோடு எழுதினாலும் பெறுவார்கள். குடியிருப்போர் சங்கங்களும் கட்டட நிறுவனங்களும் தவறாமல் எழுதுகின்றன. எமது சங்கங்கள் மண்டபம் கேட்டு எழுதும், மைதானம் கேட்டு எழுதும், இதற்கு எழுதி நான் கண்டதில்லை.

எழுதுவதானால் கேட்கவேண்டியவை அதிகமில்லை. முதல் வீட்டில் ஆட்கள் குடியேறும் நாளுக்கு முன்னர் டிராம் அல்லது பஸ் ஓடுமா? அது காலை ஐந்து மணிக்கும் ஓடுமா? தண்ணீரையொட்டிய முதல் இருபது மீற்றர் யாருடைய பெயரில் இருக்கும்? சைக்கிளை எங்கே பூட்டுவது, மலசலகூடம் எங்கே, அது குளிர்காலத்திலும் திறந்திருக்குமா? வாடகைக்கு எத்தனை வீடுகள்?