இரண்டு தொன் ஜீப்பும் ஒரு தொன் காரும்

தொண்ணூறுகளில் எங்கள் கரையோர ஊர்களில் ஒரு வீட்டுக்கு வழி கேட்டால், "பஜரோ நிற்கிற வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கை" என்று சொல்வார்கள். மருதமுனையில் தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரைக்கும் அந்த அடையாளம் செல்லுபடியாகும். ஏனென்றால் ஓர் ஊரில் அப்படியான வீடு விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தது. நூறு ஏக்கர் வயல் வைத்திருந்த போடியார், அரிசி ஆலை முதலாளி, வீதி ஒப்பந்தக்காரர், கொழும்பில் செல்வாக்குள்ள அரசியல்வாதி ஆகியோர்தான் அந்த வாகனத்தை வைத்திருந்தார்கள். மிட்சுபிஷி பஜரோவை வைத்திருந்தவர்களிலும் "இன்டர்கூலர்" வைத்திருந்தவர் ஒரு படி மேல். அந்தச் சொல்லின் தொழில்நுட்பப் பொருள் தெரியாத சிறுவர்கள் கூட அதை மரியாதையோடு உச்சரித்தார்கள்.

இன்று அதே வீட்டு வாசல்களில் வேகன் ஆர், விட்ஸ், அக்வா நிற்கின்றன. பேரப்பிள்ளைகள் காலத்தில் இன்னொரு வகையும் சேர்ந்திருக்கிறது. தாழ்ந்த உடம்பு, அகன்ற டயர், டர்போ பூட்டிய சின்ன எஞ்சின், பின்னால் ஒரு சிறகு. சுசூகி ஸ்விஃப்ட் ஆர்எஸ், அங்கொன்றும் இங்கொன்றுமாக ஸ்விஃப்ட் ஸ்போர்ட். வாப்பாவின் ஜீப்பை விற்ற காசில் மகன் எடுத்த கார் இது. பெரியவர்கள் பலருக்கு இதை ஓர் இறக்கமாகத்தான் பார்க்க முடிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜீப் அந்தக் காலத்துக்குச் சரியான வாகனம். இந்தக் கார் இந்தக் காலத்துக்கு, ஒரு நிபந்தனையோடு, சரியான வாகனம்.

முதலில் ஜீப்புக்குச் சேர வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். கொழும்பில் புறப்பட்டு இரத்தினபுரி, பொத்துவில் வழியாக அக்கரைப்பற்றையும் கல்முனையையும் கடந்து மட்டக்களப்பில் முடிகிற ஏ-4 வீதியைத்தான் இந்தக் கரையோரம் முழுக்கவும் நம்பியிருக்கிறது. யுத்த காலத்தில் அதன் பெரும்பகுதி பள்ளமும் புழுதியுமாகக் கிடந்தது. மாரி பிறந்தால் கல்முனையையும் நாவிதன்வெளிப் பக்கத்தையும் இணைக்கும் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடும். காரைதீவிலிருந்து சம்மாந்துறைக்குப் போகிற பாதையில் மாவடிப்பள்ளித் தாம்போதிக்கும் அதே கதி. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் தண்ணீர் தந்த வயல்களெல்லாம் மேற்கே, ஊரிலிருந்து பல கட்டை தூரத்தில். வட்டைக்குள் போவதற்கு வரப்பை ஒட்டிய களிமண் பாதைதான். விதைநெல்லும் யூரியாவும் வேலையாட்களின் சோறும் அந்தச் சேற்றைத் தாண்டிப் போக வேண்டும் என்றால், நான்கு சில்லும் இழுக்கிற வாகனம் வேண்டும், இல்லையென்றால் உழவு இயந்திரம் வேண்டும். ராவில் ஒரு பெண்ணுக்கு நோவு கண்டால் ஜீப்காரர் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். அவர் மறுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பிறகு 2004 டிசம்பர் 26. சுனாமியில் இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் அதிகமானோர். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கடற்கரைகளில் வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. இடிபாடும் மணலும் மூடிய ஒழுங்கைகளுக்குள் உழவு இயந்திரங்களும் ஜீப்புகளும்தான் போய் வந்தன. அதைத் தொடர்ந்த இரண்டு மூன்று வருடங்கள் தொண்டு நிறுவனங்களின் வெள்ளை லேண்ட் குரூசர்களின் காலம். கொடி, நீண்ட அன்ரனா, முன்னால் இரும்புச் சட்டம். அந்த வருடங்களில் வளர்ந்த பிள்ளைகளின் மனதில் பெரிய வாகனம் என்றால் உதவி, அதிகாரம், வெளிநாடு எல்லாம் ஒன்றாகக் கலந்துபோயின. காசு வந்த கையோடு பலர் பிராடோவைத் தேடியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஜீப்பின் தேவையை முதலில் குறைத்தது வீதி. கிழக்கு 2007இல் அரச கட்டுப்பாட்டுக்குள் வந்து, 2009இல் யுத்தமும் முடிந்த பிறகு காப்பட் வீதிகள் வந்தன. பழைய பாலங்கள் போய்ப் புதியவை வந்தன. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகத் தாழ்ந்த காரே போதும் என்றானது. அடுத்தது வரி. இலங்கையில் வாகன உற்பத்தி வரி எஞ்சினின் கொள்ளளவோடு ஏறுகிறது. ஆயிரம் சி.சி.க்குள் இருந்தால் ஒரு விலை, மூவாயிரத்தைத் தொட்டால் வேறு உலகம். அரசியல்வாதிகளுக்கும் உயர் அதிகாரிகளுக்கும் தீர்வைச் சலுகைப் பெமிற் இருந்தது. அது இல்லாத வியாபாரிக்கும் ஆசிரியருக்கும் சின்ன எஞ்சின்தான் வழி. ஜப்பான்காரர்களோ அந்தச் சின்ன எஞ்சினுக்கு டர்போ பூட்டி, பெரிய எஞ்சினின் வேலையை வாங்கத் தொடங்கியிருந்தார்கள்.

கடைசி அடி 2022இல் விழுந்தது. ஜீப்பின் ராஜ்ஜியம் மலிவான டீசலின் மேல் நின்றது என்பது அதுவரை யாருக்கும் உறைக்கவில்லை. 2021 டிசம்பர் கடைசியில் ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 121 ரூபாய்; பெற்றோல் 177. 2022 ஜூன் கடைசியில் டீசல் 460, பெற்றோல் 470. தொண்ணூறு லீற்றர் கொள்ளும் ஜீப் தாங்கியை நிரப்ப பதினோராயிரத்துக்குள் முடிந்த காரியம், ஆறே மாதத்தில் நாற்பத்தோராயிரத்தைத் தாண்டியது. அந்த விலைக்கும் டீசல் கிடைக்கவில்லை. பெற்றோல் செட் வாசலில் இரவு பகலாக வரிசை. பிறகு கியூஆர் அட்டை வந்தது; காருக்கும் வானுக்கும் கிழமைக்கு 20 லீற்றர். லீற்றருக்கு எட்டு கிலோமீற்றர் ஓடுகிற ஜீப்புக்கு அது 160 கிலோமீற்றர். கல்முனையிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். ஒரு கிழமைப் பங்கைக் கொண்டு கண்டியைக்கூட எட்ட முடியாது. லீற்றருக்குப் பதினாறு ஓடுகிற சின்னக் கார் அதே 20 லீற்றரில் கொழும்பு போய்ச் சேர்ந்தது. திரும்பி வருவதற்கு அடுத்த கிழமை வரை பொறுக்க வேண்டும், அது வேறு விஷயம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய வாகனங்களின் விலை எகிறியிருந்தது. ஜீப்பை விற்றால் கார் வாங்கி மிச்சமும் வரும் என்ற நிலை. எங்கள் பெரிய காக்கா அப்போதுதான் தன் இன்டர்கூலரை விற்று, ஆயிரம் சி.சி.க்குள் டர்போ எஞ்சின் உள்ள ஸ்விஃப்ட் ஆர்எஸ் ஒன்றை எடுத்தார். சொந்தத்தில் பலர் வந்து துக்கம் விசாரிப்பது போலக் கேட்டார்கள். "ஜீப்ப வித்துப்போட்டு இந்தச் சின்னதையா காக்கா எடுத்தீங்க?" உம்மாவுக்கு மட்டும் மகிழ்ச்சி. ஜீப்பில் ஏற அவருக்கு ஒரு பலகைப் படி வைக்க வேண்டியிருந்தது.

அந்தச் சின்னதைப் பற்றி ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் வாகனத்தின் பலத்தை எஞ்சின் பருமனைக் கொண்டு அளக்கிறார்கள். 2800 சி.சி. டர்போ டீசல் பஜரோவின் வலு சுமார் 125 குதிரைவலு. எடை ஏறக்குறைய இரண்டு தொன். ஆக, ஒரு தொன்னை இழுக்க அறுபத்துச் சொச்சக் குதிரைகள். ஸ்விஃப்ட் ஆர்எஸ் டர்போ 996 சி.சி., 102 குதிரைவலு, எடை 930 கிலோ, தொன்னுக்கு நூற்றுப்பத்து. 1400 சி.சி. ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 140 குதிரைவலு, எடை 970 கிலோ, தொன்னுக்கு 144. இன்னும் வியப்பு வேண்டுமா? ஹொண்டா 2015 முதல் 2022 வரை எஸ்660 என்றொரு இரண்டு இருக்கைக் கார் செய்தது. எஞ்சின் 660 சி.சி.தான், வலு 64 குதிரை. ஆனால் எடை 830 கிலோ என்பதால் தொன்னுக்கு 77 குதிரை. முச்சக்கர வண்டியை விடக் கொஞ்சம் பெரிய எஞ்சின் என்று நாம் சிரிக்கக்கூடிய அந்தக் கார், பாரத்தோடு ஒப்பிட்டால் இன்டர்கூலரை முந்துகிறது. ஜீப்பின் பலம் வேகத்துக்கு ஆனதல்ல. சேற்றில் மெல்ல மெல்ல இழுப்பதற்கானது. அதைச் செய்யாமல் காப்பட் வீதியில் மட்டும் ஓட்டினால், இரண்டு தொன் இரும்பைச் சும்மா சுமந்து திரிகிறோம்.

இந்த வித்தியாசத்தை உடம்பால் அறிய வேண்டுமானால் மகியங்கனைக்கு மேலே பதினெட்டு வளைவுக்குப் போக வேண்டும். அம்பாறை, மகாஓயா, பதியத்தலாவை வழியாகக் கண்டிக்குப் போகிற நம்மவர்களுக்கு அந்த மலைப்பாதை பழக்கமானது. ஜீப்பில் போன காலத்தில் ஒவ்வொரு கொண்டை வளைவிலும் வண்டியின் மேல்பாரம் வெளிப்பக்கமாகச் சரியும். பின்னால் இருக்கிற பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். மூன்றாவது வளைவில் யாராவது வாந்தி எடுப்பார்கள். காக்காவின் காரில் போனபோது அதே வளைவுகளில் கார் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு திரும்பியது. எடை குறைவு, பாரம் தாழ்வாக இருக்கிறது, ஸ்டீயரிங்கைத் தொட்டதும் முன்சில்லு பேச்சுக் கேட்கிறது. பிரேக்கும் அப்படித்தான். காக்கா ஐம்பதைத் தாண்டிய மனிதர். அன்று அவருடைய முகத்தில் நான் பார்த்த சந்தோஷம், ஜீப் வைத்திருந்த இருபது வருடத்தில் பார்க்காதது. ஜீப்பை அவர் வைத்திருந்தார். இந்தக் காரை அவர் ஓட்டுகிறார்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் அடிவயிற்றுக்கும் நிலத்துக்கும் இடையில் 120 மில்லிமீற்றர்தான். ஒழுங்கைகளில் அவரவர் கட்டிய வேகத்தடைகள் அதைச் சுரண்டிவிடும். ஏழெட்டுப் பேர் உள்ள குடும்பம் பெருநாளைக்கு ஒன்றாகப் புறப்பட முடியாது. வட்டைக்கு அது போகவே போகாது. அதனால்தான் விவசாயக் குடும்பங்களில் டபுள் கெப்பும் உழவு இயந்திரமும் இன்னும் நிற்கின்றன, நிற்கத்தான் வேண்டும். பாணமைக்கு அப்பால் குமண காட்டுக்குள் போகிறவர்களுக்கும் ஜீப்பை விட்டால் வழியில்லை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்த பிறகு, புதிய ஜீப்புக்குக் காசு சேர்க்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக நீங்கள் நான்கு சில்லு இழுவையைப் போட்டது எப்போது?

"வெள்ளத்துக்கு ஜீப் வேணும்" என்பது அவர்களின் வழக்கமான பதில். அதற்கு மாவடிப்பள்ளியை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2024 நவம்பர் 26இல் நிந்தவூர் மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஏறிப் போன உழவு இயந்திரத்தை அந்தத் தாம்போதியில் வெள்ளம் புரட்டியது. பிள்ளைகள் பலர் மௌத்தானார்கள். உழவு இயந்திரத்தை விட வெள்ளத்துக்குத் தோதான வாகனம் எங்கள் ஊரில் இல்லை. ஓடுகிற தண்ணீர் முழங்கால் உயரம் இருந்தாலே கார் மிதக்கத் தொடங்கும். இன்னும் கொஞ்சம் ஏறினால் ஜீப்பும் தப்பாது. பெரிய வாகனம் இருக்கிறது என்ற நம்பிக்கைதான் மனிதனைத் தண்ணீருக்குள் இறக்குகிறது. வெள்ளத்துக்குத் தேவை உயரமான பாலமும், தண்ணீர் வழிந்தால் வீதியை மூடுகிற அதிகாரியும்.

நான் சொன்ன நிபந்தனைக்கு வருகிறேன். ஜீப் காலத்தில் எஞ்சின் உறுமலே எச்சரிக்கை. கிழவரும் குழந்தையும் ஓரம் ஒதுங்குவார்கள். இந்தக் கார் சத்தமில்லாமல் எழுபதைத் தொடுகிறது, ஓட்டுகிறவருக்கே தெரிவதில்லை. இலங்கையில் காருக்கு ஊர்மனைக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70 கிலோமீற்றர் என்பதே சட்டம். கிழக்கு மாகாணத்தில் அதிவேக நெடுஞ்சாலை எதுவும் கிடையாது. மருதமுனையிலிருந்து காரைதீவு வரைக்கும் ஏ-4இல் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வேற்றூர்க்காரரால் சொல்ல முடியாது. ஒரே ஊர்மனைதான். இரண்டு பக்கமும் பள்ளிவாசல், பாடசாலை, கோயில், கடை, மீன் விற்கிற சைக்கிள், சுபஹுத் தொழுகைக்கு வீதியைக் கடக்கிற வாப்பாமார். வேகம் இரட்டிப்பானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும். ஐம்பதில் நிறுத்தக்கூடிய காரை நூறில் அதே தூரத்துக்குள் எந்தப் பிரேக்காலும் நிறுத்த முடியாது. நோன்பு மாதத்தில் தறாவீஹ் முடிந்த பிறகு வெறுமையான வீதியில் நடக்கிற ஓட்டப் பந்தயங்களை எல்லா ஊரும் பார்த்துக்கொண்டிருக்கிறது. எல்லா ஊரிலும் அதற்கு ஒரு கப்று இருக்கிறது.

மகனுக்கு இப்படியொரு கார் எடுத்துக் கொடுக்கிற வாப்பாமார், சாவியைக் கொடுத்த கையோடு முதல் சில மாதங்கள் பக்கத்து இருக்கையில் நீங்களும் இருங்கள். தம்பிமாரே, பந்தய ஆசை இருந்தால் கட்டுக்குருந்தையில் ஓடுபாதை இருக்கிறது, நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி இருக்கிறது. தலைக்கவசம் போட்டுக்கொண்டு, அம்புலன்ஸ் நிற்கிற இடத்தில், மனம் நிறைய ஓட்டுங்கள். வளைவின் ருசி வேண்டுமென்றால் பதினெட்டு வளைவில் நாற்பதிலேயே அது கிடைக்கிறது. கல்முனை பிரதான வீதியில் மட்டும் 50க்கு மேல் போகாதீர்கள்.