பனியில் உடையாத மண் சிற்பம்

கனடாவின் மேற்குப் பகுதியில், ராக்கி மலைத்தொடரின் நடுவே பான்ஃப் என்ற சிற்றூர் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸைத் தாண்டி இறங்கும் நாட்கள் உண்டு. அவ்வூர்க் கலை மையத்தில் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரோசெட் கால்ட் என்ற அமெரிக்க மண்கலைஞர் களிமண்ணோடு காகிதக் கூழைக் கலந்து ஆராய்ந்தார். இன்று பல நாட்டுச் சிற்பிகள் காகிதக் களிமண்ணைக் கையாளுகிறார்கள்.

ஆனால் இப்படிச் செய்த சிற்பத்தை அத்தகைய ஊரில் திறந்த வெளியில் நிறுத்தினால் என்ன ஆகும்? சில சிற்பங்கள் பல ஆண்டுகள் அசையாமல் நிற்கின்றன. சில, முதல் குளிர்காலம் முடிவதற்குள் செதில் செதிலாக உதிர்ந்துவிடுகின்றன. ஏன் இந்த வேறுபாடு?

காகிதம் எதற்கு?

காகிதம் செல்லுலோஸ் நார்களின் பின்னல். ஒவ்வொரு நாரும் உள்ளே குழலாக அமைந்த மிகச் சிறு இழை. பழைய காகிதத்தை ஊறவைத்துக் கூழாக்கி, நீரைப் பிழிந்துவிட்டு, களிமண் குழம்பில் கலக்கிறார்கள்.

சாதாரணக் களிமண்ணில் உலர்ந்த உடலோடு ஈரமான கையை ஒட்டினால், கை காயும்போது சுருங்கி, ஒட்டிய இடத்தில் விரிசல் விடும். காகிதக் களிமண்ணில் நார்கள் ஈரத்தை உறிஞ்சிப் பரப்புகின்றன. இரு பகுதிகளையும் தைத்ததுபோல் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே மெல்லிய, பெரிய உருவங்களைத் துண்டு துண்டாகச் செய்து, காய்ந்த பிறகும் இணைக்கலாம்.

எனினும் சுடாத களிமண் மழையில் கரைந்துவிடும். வெளியில் நிற்க வேண்டிய சிற்பத்தைச் சூளையில் சுட்டே தீரவேண்டும். அப்போது காகிதம் எரிந்து புகையாகிறது. நார்கள் இருந்த இடங்களில் நுண்ணிய சுரங்கங்கள் மிஞ்சுகின்றன. இவற்றில்தான் மழைநீரும் உருகிய பனிநீரும் புகுகின்றன.

நீர் உறைந்தால்...

பெரும்பாலான திரவங்கள் உறையும்போது சுருங்குகின்றன. நீரோ விரிகிறது. 100 கன சென்டிமீட்டர் நீர் உறைந்தால் ஏறத்தாழ 109 கன சென்டிமீட்டர் பனிக்கட்டி ஆகும். நுண்துளை முழுவதும் நீர் நிரம்பியிருந்தால் இந்த 9 பங்குக்கு இடமில்லை. பனிக்கட்டி சுவரை நெருக்குகிறது, சுவர் பிளக்கிறது.

துளையில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தால்? விரியும் பனிக்கட்டி அந்த இடத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே துளை இருப்பது மட்டுமே ஆபத்தல்ல. அது நிரம்பியிருப்பதே பேராபத்து. 1930களில் அமெரிக்கச் சாலைகளில் இந்த உண்மை வேறொரு வகையில் வெளிப்பட்டது. நுண்ணிய காற்றுக் குமிழிகள் கலந்த கான்கிரீட், குமிழிகள் இல்லாத கான்கிரீட்டைவிடப் பனியை நன்றாகத் தாங்கியது!

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். மிகக் கடுங்குளிரான ஊர்தான் சிற்பத்துக்கு மிகக் கெட்ட ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு முறை உறைந்து, பல வாரம் அப்படியே கிடப்பதைவிட, உறைந்து உருகி மீண்டும் உறைவதே அதிகக் கேடு. பான்ஃபுக்குக் கிழக்கே உள்ள கால்கரி நகரில் சினூக் என்ற வெதுவெதுப்பான காற்று வீசும்போது நடுக் குளிர்காலத்திலும் பனி உருகும். உருகிய நீர் துளைகளுக்குள் இறங்கும். காற்று நின்றதும் மறுபடி உறையும்.

அளந்து பாருங்கள்

உடைந்த பூந்தொட்டியின் ஓடு ஒன்றை நன்றாக உலர்த்தி எடை பாருங்கள். குளிர்ந்த நீரில் 24 மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியால் துடைத்து மீண்டும் எடை பாருங்கள். பின்பு பெரியவர் துணையோடு 5 மணி நேரம் நீரில் கொதிக்கவைத்து, அந்த நீரிலேயே ஆறவிட்டு மூன்றாம் முறை எடை பாருங்கள். கொதிக்கும்போது துளைகளில் அடைபட்ட காற்று வெளியேற, நீர் அங்கும் புகும்.

எடுத்துக்காட்டாக, உலர்ந்த எடை 200 கிராம், ஊறியபின் 220, கொதித்தபின் 225 என்று கொள்வோம். முதலில் ஏறிய நீர் 20 கிராம். மொத்தம் ஏறியது 25 கிராம். 20ஐ 25ஆல் வகுத்தால் 0.80. அதாவது இந்த ஓடு மழையில் நனைந்தாலே துளைகளில் ஐந்தில் நான்கு பங்கு நிரம்பிவிடும். கடும் பனியைத் தாங்கவேண்டிய செங்கற்களுக்கு அமெரிக்கத் தர விதி பொதுவாக இந்த எண்ணை 0.78க்கு மேல் அனுமதிப்பதில்லை. செங்கல்லுக்கான விதியானாலும், சிற்பிக்கும் இது நல்ல வழிகாட்டி.

சிற்பி செய்யவேண்டியவை

முதலாவது, 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டால் கல்போல் இறுகும் களிமண்ணைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அந்த வெப்பத்தில் களிமண்ணின் ஒரு பகுதி கண்ணாடிபோல் உருகித் துளைகளை அடைக்கிறது. ஆயினும் காகிதச் சுரங்கங்கள் அனைத்தும் மூடிவிடும் என்று நம்பக்கூடாது. அதே கலவையில், அதே சூளையில் சுட்ட சிறு ஓட்டைச் சோதித்த பிறகே சிற்பத்தை வெளியே வைக்கவேண்டும். 1000 டிகிரி அளவில் சுட்டதைக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் எடுத்து வைப்பதே நல்லது.

இரண்டாவது, உருவத்தில் நீர் தேங்கும் குழிகள் கூடாது. உள்ளீடற்ற சிற்பத்தின் அடியில் நீர் வடியத் துளை வேண்டும். ஈர மண்ணில் நேரே வைக்காமல், சரளைக் கற்களின் மேல் பீடம் அமைத்து நிறுத்தவேண்டும்.

மூன்றாவது, பளபளப்பான கண்ணாடிப் பூச்சு காப்பாற்றும் என்று எண்ணவேண்டாம். அதில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் நீர் உள்ளே போகும். ஆனால் எளிதில் உலராது. உறையும்போது பூச்சையே பெயர்த்துத் தள்ளும்.

வீட்டில் குளிர்பதனப் பெட்டி இருந்தால் இதை நீங்களே காணலாம். நீரில் ஊறிய ஓட்டை பிளாஸ்டிக் பையில் இட்டு, இரவில் பனிக்கட்டி அறையில் வையுங்கள். பகலில் எடுத்து நீரில் போடுங்கள். இரு வாரங்கள் இப்படியே செய்யுங்கள். செங்கல் துண்டு, பூந்தொட்டி ஓடு, பீங்கான் கோப்பைச் சில்லு ஆகிய மூன்றையும் சேர்த்துச் சோதித்து, எதில் எத்தனையாவது நாளில் முதல் செதில் உதிர்ந்தது என்று குறித்து வையுங்கள்.