கலியாணத்துக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை

2026 ஜனவரி முதல் ஓமானியர்கள் திருமணத்துக்கு முன் மருத்துவப் பரிசோதனை செய்துகொள்வது கட்டாயமாகியிருக்கிறது. சவூதி அரேபியாவில் 2004 முதலே இது நடைமுறையில் உண்டு. இங்கே பிழைக்க வந்த நம்மை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. சோஹாரில் வேலை பார்க்கும் நம்மவர்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஊரில்தான் கலியாணம். விடுமுறையில் போய், சாதகம் பார்த்து, நாள் வைத்து, மண்டபமும் பிடித்துவிட்டுத் திரும்புகிறோம். ஆனால் எந்த நோய்களுக்காக இந்தச் சட்டம் வந்ததோ, அவை நம் குடும்பங்களிலும் இருக்கின்றன.

முக்கியமானவை இரண்டு. ஒன்று அரிவாள் செல் நோய். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாள் போல் வளைந்து சிறு குழாய்களை அடைத்துவிடும். எலும்பை முறிப்பது போன்ற வலி வரும். மற்றது தலசீமியா. இதன் கடுமையான வகையில், பிறந்த சில மாதங்களிலிருந்தே பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தின் இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் படியும். அதை வெளியேற்றத் தனி மருந்து வேண்டும்.

ஓமானில் அரிவாள் செல் மரபணுவைச் சுமப்பவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 6 பேர்; தலசீமியாவைச் சுமப்பவர்கள் ஏறக்குறைய 2 பேர். மலேரியா இருந்த நாடுகளில் இவை பரவியதற்குக் காரணம் உண்டு: ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் பிள்ளை மலேரியாவில் சாகாமல் தப்பியது. நம் பக்கத்திலும் அதே கதைதான். இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலில் அறியப்பட்டதே 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். இலங்கையில் தலசீமியா நோயாளர்களுக்கென்றே குருநாகலில் ஒரு நிலையம் இயங்குகிறது.

ஒரு பிரதியைச் சுமப்பவர் நோயாளி அல்ல. ஓடுவார், ஆடுவார், எண்பது வயதுவரை வாழ்வார். இருவர் சுமந்து, அவர்கள் மணந்தால்தான் சிக்கல். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு, பிள்ளை நோயோடு பிறக்க வாய்ப்பு. "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்குப் பயமில்லை" என்று சொல்லும் பெற்றோரை நாம் கண்டிருக்கிறோம். அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

சொந்தத்தில் மணம் செய்வதில் ஓமானியரும் நாமும் ஒரே மாதிரி. மச்சான் மச்சாள் இருவரின் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொது. தமிழகத்தில் சில சமூகங்களில் உள்ள தாய்மாமன் மணத்தில் நான்கில் ஒரு பங்கு. சொந்தத்தில் செய்யவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை; பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றன. ஆனால் சொந்தத்தில் செய்கிறவர்களுக்குப் பரிசோதனை மற்றவர்களைவிட அவசியம்.

"இப்போதுதான் மரபணுவையே திருத்துகிறார்களாமே, டொக்டர்?" என்று பலர் கேட்கிறார்கள். உண்மைதான். நோயாளியின் எலும்பு மஜ்ஜைக் கலங்களை வெளியே எடுத்து, மரபணுவில் ஓர் இடத்தை வெட்டி, மீண்டும் உடலுக்குள் செலுத்துகிறார்கள். அதனால், சிசுவாக இருந்தபோது சுரந்த ஹீமோகுளோபின் மறுபடி சுரக்கத் தொடங்குகிறது. காஸ்ஜெவி என்னும் இந்தச் சிகிச்சையைப் பிரித்தானியா 2023 நவம்பரில் அனுமதித்தது. அடுத்து, டிசம்பர் தொடக்கத்திலேயே, அனுமதித்தது நம் பக்கத்திலுள்ள பஹ்ரைன்! வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் இரத்தம் உறையாத ஹீமோஃபீலியா நோய்க்கு ஐந்து பேரிடம் மரபணுச் சிகிச்சை செய்து 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். அது நமக்கெல்லாம் பெருமை.

ஆனால் காஸ்ஜெவிக்கு அமெரிக்காவில் வைத்த விலை 22 இலட்சம் டொலர். மஜ்ஜையை அழிக்கக் கடும் மருந்து கொடுக்க வேண்டும். அது பிள்ளைப்பேற்றையே பாதிக்கலாம். பலர் அறியாத இன்னொன்றும் உண்டு. இச்சிகிச்சை இரத்தக் கலங்களை மட்டுமே மாற்றுகிறது. விந்தையும் கருமுட்டையையும் தொடுவதில்லை. குணமானவரின் பிள்ளைக்கும் அந்தப் பழைய மரபணு போகும். ஆகவே அவர் மணக்கப்போகிறவருக்கும் அதே இரத்தப் பரிசோதனை வேண்டும்.

அப்படியானால் கருவிலேயே திருத்திவிடலாமே? 2018இல் சீனாவில் ஹெ ஜியான்குய் என்பவர் அதைச் செய்தார். எய்ட்ஸ் கிருமி தொற்றாதிருக்கவென்று கருவில் மரபணுவை மாற்றி, இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்க வைத்தார். உலகமே கண்டித்தது; 2019இல் மூன்றாண்டுச் சிறை கிடைத்தது. நமக்கும் அந்தக் கண்டனத்தில் உடன்பாடே. நோயாளி தன் உடலுக்கு வரும் ஆபத்தைத் தெரிந்து கையெழுத்திடலாம். பிறக்காத பிள்ளையிடமும் அதன் பேரப்பிள்ளைகளிடமும் யார் சம்மதம் வாங்குவது? வெட்டு தவறிய இடத்தில் விழுந்தால், அந்தப் பிழையும் பரம்பரைச் சொத்தாகிவிடும். அதுவும் ஓர் எளிய பரிசோதனையில் முன்கூட்டியே அறியக்கூடிய நோய்களுக்கு!

இனி நம் வீட்டு விடயம். நம்மவர்கள் பரிசோதனைக்குப் பின்வாங்குவது செலவுக்காக அல்ல, பேச்சுக்காக. "பெண்ணுக்கு ஏதோ இரத்தத்தில் குறையாம்" என்று ஒரு வார்த்தை கிளம்பினால் தங்கைக்கும் வரன் வராது என்ற பயம். இதற்கு நாம் சொல்லும் வழி, முதலில் மாப்பிள்ளையைச் சோதியுங்கள் என்பதே. இந்த இரண்டு நோய்களைப் பொறுத்தவரை, மாப்பிள்ளை எதையும் சுமக்கவில்லையென்று தெரிந்தால் பிள்ளைக்குக் கடும் நோய் வர வழியில்லை. பெண்ணின் அறிக்கையை யாரும் கேட்கத் தேவையில்லை. அவர் சுமந்தால் மட்டுமே பெண்ணுக்கு. இருவரும் சுமந்தாலும் மணம் வேண்டாம் என்று சொல்லும் உரிமை வைத்தியருக்கு இல்லை. கருவுற்ற சில வாரங்களில் கருவைச் சோதிக்கும் வசதி வேலூர் போன்ற இடங்களில் உண்டு. அதன் பின் எடுக்கும் முடிவு இலேசானதல்ல. அதை அந்த இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். மண்டபத்துக்கு முற்பணம் கட்டிய பிறகு இதையெல்லாம் நிதானமாகப் பேச முடியாது.

ஆய்வுகூடத்தில் இரத்த வகைப் பொருத்தம் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், அது வேறு. முழு இரத்த எண்ணிக்கையும், எச்.பி.எல்.சி. முறையில் ஹீமோகுளோபின் பரிசோதனையும் என்று கேளுங்கள். அறிக்கையில் எம்.சி.வி. 80க்குக் கீழே இருந்து, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லையென்றால் தலசீமியாவைச் சுமப்பவராக இருக்கலாம். "உடம்பில் இரத்தம் குறைவு" என்று ஆண்டுக்கணக்காக இரும்பு விழுங்குபவர்கள் நம்மிடையே உண்டு. கடந்த மூன்று மாதங்களுக்குள் இரத்தம் ஏற்றியிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மற்றவரின் இரத்தம் கலந்திருக்கும்போது விடை பிழையாக வரும்.