தாடைக்குள் பாயும் கதிர்

தேவாரத்தை அடுத்த பொட்டிப்புரம் மலையில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க மத்திய மந்திரிசபை 2015-இல் அனுமதி அளித்தது. அதையொட்டி எழுந்த விவாதத்தில் கதிர்வீச்சு என்ற சொல் இவ்வட்டாரத்து ஜனங்களுக்குப் பழகிப் போயிற்று. நியூட்ரினோவோ நம் உடலை ஓயாது ஊடுருவியும் தீங்கு செய்வதில்லை; எக்ஸ் கதிர் அத்தகையதன்று. ஆகவே பல் வைத்தியசாலையில் நம் தாடைக்குள் பாயும் கதிரைப் பற்றியும் நாலு கேள்வி கேட்பது நியாயமே.

கூம்பு வடிவில் கதிரைப் பாய்ச்சித் தலையைச் சுற்றிவரும் யந்திரம் தாடையை நீள அகல ஆழத்தோடு காட்டுகிறது. 1990-களின் இறுதியில் இத்தாலியிலும் ஜப்பானிலும் தோன்றிய முறை இது. இதன் பயனை நாம் மறுக்கவில்லை. கடைவாய்ப் பல்லின் வேர் கீழ்த்தாடை நரம்பை ஒட்டியிருப்பதைத் தட்டையான படம் தெளிவாகக் காட்டாது. அறியாமல் பிடுங்கினால் உதடு மரத்துப் போகவுங்கூடும். செயற்கைப் பல் பதிக்குமுன் எலும்பின் கனத்தை அளக்கவும் இது உதவும்.

ஆனால், சொத்தைப் பல் ஒவ்வொன்றுக்கும் இது எதற்கு? இதன் கதிரளவு மருத்துவமனை சி.டி.யைவிடப் பெரும்பாலும் குறைவே. சாதாரணப் பல் படத்தைவிடவோ பன்மடங்கு அதிகம். குழந்தைகளுக்கு அபாயம் கூடுதல். வழக்கமாக எல்லோருக்கும் எடுக்கலாகாதென்று ஐரோப்பிய ஆணையத்தின் வழிகாட்டி 2012-லேயே கூறிற்று. நம் தேசத்தில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமின்றி இந்த யந்திரத்தை இயக்கலாகாது. உரிமம் உண்டா, சிறு பகுதியை மட்டும் எடுத்தால் போதாதா என்று ஏலத் தோட்டத் தொழிலாளியும் கேட்கலாம். கேட்டதற்கு வைத்தியர் சினந்தால், வேறு வைத்தியரை நாடலாம்.