தறி இருக்கிற வீட்டை விட்டு அவங்க ஏன் போகணும்?

"பக்கத்து வீட்டு அக்காவை அவங்க கணவர் அடிக்கிறார். நான் வக்கீலும் இல்லை, போலீஸும் இல்லை. என்னால என்ன செய்ய முடியும்?" இன்னைக்கு எபிசோடு முழுக்க இந்தக் கேள்விக்கான பதில்தான்.

நான் காஞ்சிபுரத்தில் இப்படிப்பட்ட பெண்களுக்குத் துணையாகப் போகிற தன்னார்வலர். துணைன்னா வாதாடுவது இல்லை. அலுவலகத்துக்கும் கோர்ட்டுக்கும் கூடப் போவது, படிவத்தைப் படித்து விளக்குவது, என்னென்ன வழி இருக்குன்னு சொல்வது. முடிவு எடுக்கிறது அவங்க.

இது எங்கோ ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயது வரையிலான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் நாம சொல்ற முதல் அறிவுரை, "அந்த வீட்டை விட்டு வெளியே வந்துடுங்க." மாசச் சம்பளம் வாங்கறவங்களுக்கே அது கஷ்டம். நெசவாளர் வீட்டில் இன்னும் கஷ்டம், ஏன்னா அங்கே வீடுதான் பட்டறை. வீட்டுக்குள்ளேயே குழித்தறி. கோர்வைப் புடவையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி ஊடை ஓடும். அதுக்குத் தறியில் பக்கத்தில் இன்னொருத்தர் உட்காரணும். பல வீடுகளில் அது மனைவிதான். தார் சுத்துறதும் அவங்கதான். ஆனா கூலி புடவைக் கணக்கில், கணவர் பேரில் வருது. அவங்க உழைப்புக்கு ஒரு சீட்டு கிடையாது. வெளியே வந்தா வீடும் பிழைப்பும் ஒரே நாளில் போயிடும்.

அதனாலதான் 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தை எல்லாரும் தெரிஞ்சுக்கணும். 2006 அக்டோபர் 26 முதல் அது நடைமுறையில் இருக்கு. "நீ வெளியே போ"ன்னு அந்தச் சட்டம் அவங்களிடம் சொல்லலை.

முதல் விஷயம், குடியிருக்கும் உரிமை. வீடு யார் பேரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்க அவங்களுக்கு உரிமை உண்டு. மாமனார் மாமியார் பேரில் உள்ள வீடும் இதில் அடங்கலாம்னு 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தேவைப்பட்டா கணவரையே வீட்டை விட்டு விலகி இருக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். ஆனா மாமியாரையோ நாத்தனாரையோ அப்படி வெளியேற்ற முடியாது.

இரண்டாவது, பணம். அடி மட்டும் வன்முறை இல்லை. செலவுக்குப் பணம் தராம இருப்பது, அவங்க நகையைப் பறிச்சு விற்பது எல்லாம் பொருளாதார வன்முறை. கோர்ட் சொன்ன தொகையைக் கணவர் கட்டலைன்னா, அவருக்கு வரவேண்டிய கூலியில் ஒரு பகுதியை நேரடியா மனைவிக்கே கொடுக்கும்படி, வேலை கொடுத்தவருக்கே உத்தரவிட இந்தச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இடம் தருது. கூலி ஒருத்தர் பேரில் மட்டுமே வருகிற ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

எங்கே போறது? மாவட்டத்தில் சமூக நலத்துறையின் கீழ் பாதுகாப்பு அலுவலர் இருக்கார். நடந்ததை அவர் 'குடும்ப நிகழ்வு அறிக்கை'யாகப் பதிவு செய்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். மனு கிடைச்சு மூணு நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிவு என்பது சட்டம் வைத்திருக்கும் இலக்கு. நடைமுறையில் இழுக்கும். அதனாலதான் இடைக்கால உத்தரவை ஆரம்பத்திலேயே கேட்கணும். பாதுகாப்பு உத்தரவை மீறினா ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். அம்மா வீட்டுக்கு வந்துட்டவங்க அந்த ஊர் கோர்ட்டிலேயே மனு போடலாம். வக்கீல் செலவு? பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாம இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கணும்.

இதில் தன்னார்வலர் வேலை சின்னச் சின்னது. அவங்க சொல்றதைத் தேதியோட, அவங்க வார்த்தையிலேயே எழுதி வைக்கணும். ஆஸ்பத்திரிச் சீட்டு, ரேஷன் கார்டு, ஆதார், கல்யாணப் பத்திரிகை, பாஸ்புக் இதையெல்லாம் பாதுகாப்பான இடத்தில் சேர்த்து வைக்க உதவணும். போன் கணவர் கையில் போகுமான்னு கேட்டுட்டுத்தான் மெசேஜ் அனுப்பணும். விசாரணை நாளில் கூடப் போய் உட்காரணும். பெரும்பாலும் காத்திருப்பதுதான் வேலை. தனியா காத்திருக்கும்போதுதான் "திரும்பப் போயிடலாமா"ன்னு தோணும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. கணவரிடம் நேரில் போய்ச் சண்டை போடாதீங்க, பஞ்சாயத்தும் பேசாதீங்க. நீங்க கிளம்பினதும் அதே வீட்டில் அவங்கதான் இருக்கணும். இன்ஸ்டாவில் போடாதீங்க. "இன்னுமா அவரோட இருக்கீங்க?"ன்னு கேட்காதீங்க. வெளியேறும் நேரம்தான் ஆபத்து அதிகமான நேரம். எப்போ, எப்படி என்பதை அவங்கதான் கணக்குப் போட முடியும்.

பக்கத்து வீட்டுக்காரரா மட்டும் இருந்தாலும் உங்களுக்கு ஒரு இடம் இருக்கு. வன்முறை நடக்குது, நடக்கப் போகுதுன்னு நியாயமா நம்புற யாரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல வழக்கு வராதுன்னு சட்டத்தின் 4-ஆம் பிரிவே சொல்லுது. முடிஞ்சா முதலில் அந்த அக்காவிடம் கேளுங்க. உடனடி ஆபத்துன்னா காத்திருக்காதீங்க.

தொடர்ந்து செய்ய விரும்பினா, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேரலாம். சட்டப் படிப்பு தேவையில்லை, பயிற்சி கொடுப்பாங்க.

மூணு எண்களைச் சேமிச்சு வைங்க: பெண்கள் உதவி எண் 181, சட்ட உதவிக்கு 15100, உடனடி ஆபத்துன்னா 112. யாருக்காவது தர வேண்டி வந்தா, அவங்க போனில் வேற பேரில் சேமிக்கச் சொல்லுங்க.