“ஏர்போர்ட் வருதாம்!” - ஓசூர் ‘ஆம்’முக்கு ஜப்பானில் நாலு சொந்தக்காரர்கள்

“ஏர்போர்ட் வருதாம்... மெட்ரோவும் வருதாம்... சென்ட் விலை எங்கேயோ போயிடுமாம்!”

ஓசூரில் டீக்கடைக்கு டீக்கடை இந்தப் பேச்சுதான். மூன்று வாக்கியம், மூன்று ‘ஆம்’. சொல்பவர் எதையும் கண்ணால் பார்க்கவில்லை. யாரோ சொன்னார்கள், இவர் கடத்துகிறார். நாளைக்குப் பொய்யாகப் போனால் பழி இவர் மேல் இல்லை. இத்தனையையும் வாலில் ஒட்டிய ஒரு சின்னச் சொல் சொல்லிவிடுகிறது!

இது தமிழுக்கு மட்டுமே சொந்தம் அல்ல. ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி போனால், ‘வருவானாம்’ என்பது கன்னடத்தில் ‘பர்த்தானந்தெ’. ஓசூர் வீடுகளில் புழங்கும் தெலுங்கில் ‘வஸ்தாடட’. மூன்று மொழிக்காரர்களும் வதந்திக்கு வால் ஒட்டித்தான் அனுப்புகிறார்கள்.

ஜப்பான்காரர்களும் அப்படியே. ஓசூருக்கு ஜப்பான் ஒன்றும் தூரத்துச் சொந்தம் இல்லை. 1980-களில் டி.வி.எஸ். குழுமமும் சுசூகியும் கைகோத்து இங்கேதான் பைக் தயாரித்தன. 2001-ல் பிரிந்தன. இன்றும் வேலைக்காக ஜப்பானிய மொழி படிக்கும் நம் பிள்ளைகள் தடுமாறும் இடங்களில் ஒன்று, இந்தக் ‘கேள்விப்பட்டேன்’ இலக்கணம். ஆங்கிலம் வழியாகப் படித்தால் தலை சுற்றும். தமிழ் வழியாகப் பாருங்கள்.

‘ஃபுரு’ என்றால் மழை பெய்யும். நண்பனிடம் ‘ஃபுருத்தே’ என்றால், ‘பெய்யுமாம்டா’. அதையே கொஞ்சம் சட்டை இஸ்திரி போட்டுச் சொன்னால் ‘ஃபுரு சோ தா’. வானிலை அறிக்கை கேட்டுவிட்டுச் சொல்வது போல. ‘ஃபுரு ரஷீ’ என்றால், ‘பெய்யும்னு பேசிக்கிறாங்க, எனக்கு உறுதியாத் தெரியாது’ என்று ஓரடி தள்ளி நிற்பது. நாலாவது ‘மித்தாய்’ (மிட்டாய் இல்லை!). ‘பெய்யும் போல இருக்கு’ என்பதற்கு. கேட்டதற்கும் சொல்லலாம், வானத்தைப் பார்த்தும் சொல்லலாம்.

பரீட்சையில் காலை வாரும் இடம் ஒன்று உண்டு. ‘ஃபுரு சோ தா’ என்றால் பெய்யுமாம். ‘ஃபுரிசோ தா’ என்றால் மேகத்தைப் பார்த்தால் பெய்யப்போகிற மாதிரி இருக்கிறது. ‘ரு’வுக்கும் ‘ரி’க்கும் நடுவே, காதால் கேட்டதும் கண்ணால் பார்த்ததும் இடம் மாறிவிடும். ‘வருமாம்’, ‘வரும் போல’ என்று தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்தது.

கிண்டலிலும் ஒற்றுமை இருக்கிறது. “இவரு பெரிய ஆபீசராம்!” என்று நாம் இழுக்கிற அதே தொனியில் அவர்கள் ‘தத்தே’ போடுவார்கள். ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம்’ என்கிற நம் பாட்டி மாதிரியே, அந்த ஊர்ப் பாட்டியும் கதை வாக்கியத்தை ‘சோனா’ என்று முடிப்பார். அதுவும் ‘ஆம்’தான்.

சிக்கல், இந்த வால் அறுந்து விழும்போது. ஓசூரில் விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூன் மாதம் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். 2,000 ஏக்கர், ஆண்டுக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் அளவு. அதில் ‘ஆம்’ இல்லை. ஆனால், “ஓடுபாதை இந்த நிலத்துக்குப் பக்கத்துலதானாம்” என்பது வாய்ப்பேச்சு. நாலு பேர் வாய் மாறி புரோக்கரிடம் வரும்போது “பக்கத்துலதான்” ஆகிவிடும். இரண்டே எழுத்து போனது. அதை நம்பி ஒருவர் பி.எஃப். பணத்தை எடுத்து அட்வான்ஸ் கொடுத்திருப்பார்.

2023 மார்ச்சில் நடந்தது இதைவிட மோசம். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. ‘அடிக்கிறாங்களாம்’ அல்ல, ‘அடிக்கிறாங்க’. பயந்துபோன தொழிலாளர்கள் ரயிலேறினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்தது. அந்த வீடியோக்கள் பொய் என்று தமிழ்நாடு காவல்துறை அறிவித்தது.

ஜப்பானிய வகுப்பில் ‘சோ தா’வோடு சேர்த்து இன்னொன்றும் சொல்லிக் கொடுப்பார்கள்: ‘நி யோரு தோ’. ‘இன்னார் சொன்னபடி’ என்று பொருள். செய்தித்தாளோ, ரேடியோவோ, பக்கத்து வீட்டுக்காரரோ, யார் சொன்னது என்பதை வாக்கியத்தின் தலையில் வைத்துவிட்டு, வாலில் ‘சோ தா’ போட வேண்டும். ஓசூர் டீக்கடையில் அதற்குப் பெயர், “யாருப்பா சொன்னது?”